கருப்புப் பாவு

நான் பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் பயம், தந்தி என்றால் பயம், வாசலில் புது ஆள் நின்றால் பயம். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே தெருவைச் சிரிக்க வைப்பார். அவருக்கு இருந்தது ஒரே பயம்தான், கரெண்ட். அவருடைய தம்பி தென்னேரியில் பம்பு செட்டில் கை வைத்து, வைத்த இடத்திலேயே செத்துப்போனவன். அன்றிலிருந்து இவர் சுவிட்சைத் தொட்டதில்லை. ஃபேன் போடக்கூட "வள்ளி" என்று என்னைத்தான் கூப்பிடுவார்.

இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் வீட்டுக்கு அந்தக் கருப்பு நூல் வந்தது. கார்பன் நூல். கொண்டுவந்தவர் ஸுதர்சன் என்று ஓர் ஆபீசர். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், சென்னையில் ஏதோ ஆராய்ச்சி வேலை. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஏழு அடுக்கு வேண்டும் என்றார். குறுக்கே ஊடை ஓடவேண்டும். அது போதாதென்று மேலடுக்கிலிருந்து கீழடுக்கு வரை எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஏறி இறங்கும் நூல் ஒன்று. நெய்து முடித்தால் அது துணியில்லை, விரல் கனத்துக்கு ஒரு பாய். அதில் பிசின் ஊற்றி இறுக்கினால் இரும்பே தோற்றுவிடுமாம், ஆகாயத்தில் பறக்கிற சாமானுக்குப் போகுமாம். மில் தறியில் போட்டால் நூல் உடைந்து கொட்டுகிறது என்றுதான் கைத்தறியைத் தேடி வந்திருக்கிறார். ஐயம்பேட்டையில் இரண்டு பேர் தொட்டுப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள்.

ஏழு அடுக்குக்கும் இழைகளைத் தூக்கி இறக்கும் விழுது கட்டும் கணக்கை நான்தான் கண்டுபிடித்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அரிசி களையும்போது பிடிபட்டது. "எங்க இன்ஜினியர்களே திணறினாங்கம்மா" என்றார் ஆபீசர். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வயது வரை யாரும் என்னிடம் அப்படிப் பேசினதில்லை.

தறியில் பாவு ஏற்றிய அன்று வீட்டுக்காரர் வாலாஜாபாத் போயிருந்தார். ஆபீசர் கிளம்பும்போது சொன்னார்: "இது வெறும் நூல் இல்லம்மா, கரெண்ட்டைக் கடத்தும். கம்பின்னே நெனச்சுக்கோங்கோ. கிட்டத்துல வயர், பல்பு எதுவும் கூடாது. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்கோ."

தலையை ஆட்டினேன். சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் அன்றைக்கே பாவை இறக்கித் தெருவில் வைத்துவிடுவார் என்று தெரியும். என் கணக்கு என் தறியில் ஓடுவதை நான் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் காரணம்.

கருப்புக்கு மேல் கருப்பு ஏழு அடுக்கு. இழை எங்கே அறுந்தது என்று கண்ணுக்கே தெரியாது. பட்டுத்தறியில் இழை தெரியவில்லை என்றால் நாங்கள் செய்வது ஒன்றுதான், பல்பைக் கீழே இறக்குவோம். நானும் இறக்கினேன். ஒரு சாண் இடைவெளி இருக்கிறதே, போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயர் எட்டவில்லை. இன்னொரு துண்டு வயரைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். அதன்பிறகு அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நெய்தேன். பதினேழு நாள் இப்படி ஓடியது.

வைகாசித் தேர் வந்தது. தேர் எங்கள் தெருமுனையைத் தாண்டும்வரை கரெண்ட் லைனை நிறுத்திவைப்பார்கள், தாண்டினதும் விட்டுவிடுவார்கள். எங்கள் தறிக்கொட்டகைக்கு லைன் வருவது வீட்டுச் சொந்தக்காரம்மா கங்கையம்மாள் வீட்டிலிருந்து. சுவிட்சும் அங்கேதான். அந்த அம்மாள் கதவைப் பூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போய்விட்டார். நானும் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"ரெண்டு இழை அறுந்துகினு இருக்குது, கட்டிட்டு வரேன். நீ போய்க்கினே இரு" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது.

எட்டிப் பார்த்தேன். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் அவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, இரண்டு கையையும் முழங்கை வரை அடுக்குகளுக்குள் விட்டிருந்தார். நூல் உதிர்க்கும் கரும்புழுதி அடங்கட்டும் என்று காலையில் குழியில் தண்ணீர் தெளித்தவளும் நான்தான். அவர் குனிந்த வேகத்தில் தறி ஆடியிருக்கவேண்டும். பல்பு கட்டியிருந்த கயிறு நழுவி, வயர் பாவின் மேல் படுத்திருந்தது. டேப் சூட்டில் இளகி விலகி, இரண்டு செம்புக்கம்பியும் பளபளவென்று கருப்பு நூலைத் தொட்டுக்கொண்டிருந்தன.

வெளியே மேளம் முனையில் கேட்டது. பிறகு கொஞ்சம் தள்ளிக் கேட்டது. தேர் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, எழுந்துருங்க!"

"இரு இரு, ஆச்சு."

"கரெண்ட்டு வந்துடப்போவுதுங்க!"

"வந்தா இழை நல்லா தெரியும். ஏன் அலறிக்கினு கீற?" என்று சிரித்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

வயரை இழுக்கவேண்டுமென்றால் அந்தப் பாவின் மேல் சாய்ந்துதான் கை நீட்டவேண்டும். கழி எங்கே என்று தேடினேன். கண் தேடியது, கால் நகரவில்லை. மேளம் இன்னும் தள்ளிப் போனது. பல்லிக்கும் பூனைக்கும் கத்திக் கத்தி என் கத்தலுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லாமல் போயிருந்தது.

"ராமலிங்கம்! வெளிய வாடா!"

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் பேரை நான் சொன்னதேயில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்திலிருப்பவரைச் சொல்லவைப்பேன். அவர் கை விருட்டென்று வெளியே வந்தது. முகம் சிவக்க எழுந்து, குழியைத் தாண்டி என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். "இன்னாடி சொன்ன?"

அவர் முதுகுக்குப் பின்னால் பட்டென்று வெடித்தது. நீலமாக ஒரு வெளிச்சம். பாவின் நடுவில் ஒரு கோடு அடுப்புக்கரி மாதிரி கனன்று புகைந்தது. கங்கையம்மாள் வீட்டில் ஃபியூஸ் போகும் சத்தம் கேட்டது. அப்புறம் கருகல் நாற்றம் மட்டும்.

அவர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"இது கரெண்ட்டு இழுக்கும்னு அந்த ஆபீசருக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் பொய் சொல்லும் தெம்பு இல்லை.

"தெரியும். எங்கிட்ட சொன்னாரு."

"எப்போ?"

"பாவு ஏத்துன அன்னிக்கு."

திட்டுவார் என்று நின்றேன். கை ஓங்கினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாயங்காலம் வந்தார். சோறு போட்டேன், சாப்பிட்டார்.

ஆபீசர் வேறு நூல் கொடுத்தார். வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் மட்டும் நெய்து முடித்தோம். பாய் நன்றாக வந்தது. ஆபீசர் எனக்குக் கை கொடுத்தார். அந்தத் தறியில் பிறகு பட்டு ஏறியது, இன்றுவரை பட்டுதான். வீட்டுக்காரர் என்னோடு சிரிக்கிறார், பேசுகிறார், பயந்தாங்கொள்ளி என்று கேலிகூடச் செய்கிறார். ஆனால் அந்தத் தேருக்குப் பிறகு ஒரு நாளும் அவர் எனக்கு முன்னால் தறிக்குழியில் இறங்கினதில்லை. நான் இறங்கி, இரண்டு கையையும் பாவின் மேல் வைக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்.