ததிங்கிணதொம், மூன்று முறை

பதிமூன்று பேரும் ஒரே சமயத்தில் தப்பான இடத்தில் ஊதினார்கள். அரைகுறையாக ஊதியிருந்தாலாவது சமாளித்திருக்கலாம், முழு நெஞ்சோடு ஊதித் தொலைத்தார்கள். கஞ்சிராவில் வாசிப்பை முடித்துவைக்கும் கடைசித் தீர்மானத்தின் நடுவில் இருந்தாள் அவள். ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் சாக்ஸும் மொத்தமாக அவள் தலைமேல் வந்து விழுந்தன. விரல்கள் மிச்சமிருந்த இரண்டு தாளச் சொல்லையும் விடாமல் தட்டி முடித்தன, யார் காதில் விழுந்தது? ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியது அவள் கணவர். ட்ராம்போன் வரிசையில் முதல் நாற்காலி அவருடையது.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருபது பேர் கூடுவார்கள். குழுவை நடத்தும் சாக்ஸ்காரரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். ஒரு ராகத்தை எடுத்து, அத்தனை ஊதுகருவிகளுக்கும் பிரித்து, தாளில் எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார், அதில் அவளுக்குக் குறையே இல்லை. ஒரே இடத்தில் மட்டும் தாளில் வெறும் கட்டம். கட்டத்துக்குள் ‘கஞ்சிரா’ என்று ஒரு சொல். அவள் மனம்போல் வாசித்து, தீர்மானத்தை மூன்று முறை வைத்து, தாளத்தின் முதல் தட்டில் வந்து இறங்க வேண்டும். அதே தட்டில் பதிமூன்று பேரும் ஊத ஆரம்பிக்க வேண்டும். மூன்று ஞாயிறாக அதுதான் நடக்கவில்லை.

“இந்த வாரமும் போச்சா?” என்றார் கேப்டன். “வியாழக்கிழமை கச்சேரி. இதுக்கு மேல தாங்காதும்மா. முப்பத்திரண்டு தாளச் சுத்துன்னு எழுதிக் குடுத்துடு. இல்லன்னா அந்த இடத்த ட்ரம்ஸுக்கு விட்டுடலாம்.”

“சாக்ஸுக்கு மட்டும் அவுத்து விடுவீங்க, எனக்கு மட்டும் கயிறா?”

“சாக்ஸ் எங்க சுத்தினாலும் பன்னெண்டாவது சுத்துல வீட்டுக்கு வந்துடும். நீ எப்ப வருவேன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“பதிமூணு பேருக்குத் தெரியணுமே, தாயி!”

சிலர் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்டுக் கேட்டு லென்ஸ் மாற்றுகிறவள், எதற்கும் சட்டென்று பொறுமை இழக்க மாட்டாள். ஆனால் இது வேறு. இருபது வருஷமாக எந்த மேடையிலும் மிருதங்கம் வாசித்தது போக மிஞ்சிய நேரம்தான் கஞ்சிராவுக்கு. பாடகருக்கு நேரமாகிவிட்டால் அதுவும் இல்லை. இந்த வெறும் கட்டம் ஒன்றுதான் அவளுக்கென்று யாரோ விட்டுவைத்த முதல் இடம். அதையும் எழுதிக் கொடுத்து அடைத்துவிட்டு என்ன வாசிப்பது? மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டீ குடிக்கக் கலைந்தபோது கணவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கை வைக்க மாட்டார்.

“எம்மேலதான் தப்பு,” என்றார். “நான் ஊத ஆரம்பிச்சேன், எல்லாரும் என்னைப் பாத்து ஊதிட்டாங்க. வீட்ல நீ ரெண்டு எண்ணிக்கைதான விடுவ? தீர்மானத்துக்கும் தீர்மானத்துக்கும் நடுவுல? அத வச்சு எண்ணிட்டேன்.”

“இன்னிக்கு நாலு விட்டேன்.”

“அதான் ஏன்?”

“தோணிச்சுங்க. வீட்ல வாசிச்சதையே இங்கயும் வாசிக்கறதுக்கு நான் எதுக்கு? ரெக்கார்ட் போட்டுடலாமே.”

அவர் டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பாவம், இரவெல்லாம் சமையலறையில் அவள் சாதகம் செய்யும்போது பாத்திரம் கழுவியபடியே மனப்பாடம் செய்திருக்கிறார். அவ்வளவு அக்கறையாக ஒரு தப்பை வேறு எவன் செய்வான்? அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் விஷயம் பிடிபட்டது. இவர் என் வாசிப்பைக் கேட்கவே இல்லை. யாருமே கேட்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் திரும்பி வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

“கேப்டன், ஒரே ஒரு தடவை. இதுலயும் சொதப்பினா நானே எழுதிக் குடுக்கறேன்.” பிறகு வரிசைகளைப் பார்த்தாள். “எல்லாரும் ஊதறத மடியில வைங்க. தாள கவுத்துப் போடுங்க. வாயால சொல்லுங்க, ததிங்கிணதொம்.”

“அண்ணி, எங்க வாய் ஊதறதுக்குத்தான்,” என்றான் ட்ரம்பெட்காரன் ஒருவன்.

“பேசறதுக்கும் நல்லாவே வேலை செய்யுது. சொல்லு.”

சொன்னார்கள். முதலில் சந்தைக்கடை மாதிரி இருந்தது. தட்டு, விரல், வீச்சு என்று கையில் தாளம் போட வைத்தாள். பெரிய பெரிய கைகள் சுண்டுவிரலைத் தேடித் தடுமாறின. அரைமணியில் ஒரு மாதிரி சேர்ந்தது.

“ஒண்ணே ஒண்ணு. முதல் தடவைக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல நான் எவ்வளவு விடறேனோ, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் அதே அளவுதான் விடுவேன். அத முதல்லயே கேட்டுக்கங்க. சரியான இடத்துல எடுத்து சரியா இறங்கறது என் கவலை.”

“எவ்வளவு விடுவ?” கணவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இப்ப தெரியாது. கேளுங்க.”

கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அவள் கஞ்சிராவின் தோலில் நாலு சொட்டு நீர் தடவி, தட்டிப் பார்த்து, ஆரம்பித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயந்து சின்னதாக வாசிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். தோலை அழுத்தி நாதம் குழையக் குழைய வாசித்தாள், பேஸ் கிட்டார்காரன் தலையாட்டினான். எவ்வளவு நேரம் போனதென்று அவளே பார்க்கவில்லை. பிறகு மனசு கணக்குப் போட்டது, கை எடுத்தது.

ததிங்கிணதொம். ஐந்து எண்ணிக்கை விட்டாள். வீட்டில் ஒருநாளும் விடாத அளவு.

ததிங்கிணதொம். ஒன்று, இரண்டு. கணவரின் ட்ராம்போன் வழக்கம்போல் உதட்டுக்கு உயர்ந்தது. அவர் ஊதவில்லை. கருவியைப் பிடித்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த வரிசையும் அவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தது. மூன்று, நான்கு, ஐந்து. அறையில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

மூன்றாவதை எடுத்தாள். ததிங்கிண என்று விரல் ஓடும்போதே எதிரில் பதிமூன்று பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. பதிமூன்று மார்பும் நிமிர்ந்தன. கடைசித் தொம்முக்காக அவள் கை மேலே இருந்தது.