மிரியம் கப்டனுக்கு ஓர் ஆத்தும பூசை

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கத்தோலிக்கக் கோயிலில் உபதேசியாராக இருந்த சூசைரட்ணத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, பங்குச் சுவாமி வராத ஞாயிறுகளில் அங்கே செபம் நடத்துவது. மற்றது, இங்கிலீசுப் புத்தகம் வாசிப்பது. இரண்டாவதில் அவரோடு போட்டிபோட, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஆள் இல்லாததால் அது இன்னும் வசதியாக இருந்தது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில்தான் 'தூரவெளிக் காவல்' நாவல்கள் அவருக்கு அகப்பட்டன. அட்டையில் வெள்ளி உடுப்போடு ஒரு பெண், பின்னால் விண்கப்பல், கீழே 'புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் கதை' என்று பொடி எழுத்து. தொடரை அவர் கண்ணாலும் கண்டதில்லை. லயத்துக்கு அப்போது கரண்டே வரவில்லை. அதனால் அந்த வரியைத் தன் பாட்டுக்கு விளங்கிக்கொண்டார். புத்தகம்தான் மூலம், டிவிக்காரன் அதைப் பார்த்துப் படம் பிடிக்கிறான். வேதாகமத்தை வைத்து வருஷாவருஷம் பாஸ்கா நாடகம் போடுகிற மனுஷனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

செபம் முடிந்ததும் கோயில் படியில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வார். கப்பலின் தலைவி மிரியம் கப்டன். வேதத்துப் பெயராக வாய்த்துவிட்டதால் யாருக்கும் அவள் அந்நியமாகப் படவில்லை. வாய் நிறையத் திட்டுவாள், ஆனால் தன் ஆட்களைக் கைவிடமாட்டாள். "நம்ம கங்காணிக்கு இதுல பாதி கொணம் இருந்தாக்கூடப் போதும்" என்பாள் கொழுந்தெடுக்கும் பெற்றீசியா.

ஒரு ஞாயிறு மிரியம் செத்துப்போனாள். சிவப்புக் கிரகத்தில் கப்பல் விழுந்து நொறுங்க, தன் காற்றுக் குப்பியைக் கழற்றிக் கூட வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பாறையடியில் உயிரை விட்டாள். சூசைரட்ணம் அதைக் கொஞ்சம் நன்றாகவே சொல்லிவிட்டார். அதுதான் வினையாய்ப் போயிற்று. மறுநாள் அழுது வீங்கிய முகத்தோடு பெற்றீசியா வந்து நின்றாள்.

"ஒபதேசியாரே, சாமி வர்றப்ப மிரியத்துக்கு ஒரு ஆத்தும பூசை வைக்கணுங்க. பாவம், அதுக்குன்னு யாரு இருக்கா?"

அது வெறும் கதை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அதே வாயால்தானே ஞாயிறுதோறும் வேதத்தையும் சொல்கிறார்? அதுவும் கதையா என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் பெயரைப் பூசைச் சீட்டில் எழுதிவைத்தார்.

மாதம் ஒருமுறை ஹட்டனிலிருந்து வரும் சுவாமி யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைப் பார்த்துவிட்டு, "ஆர் இந்த மிரியம்? எந்த லயம்?" என்றார்.

"வெளியூருங்க, சுவாமி."

பொய் சொல்லவில்லை என்று உபதேசியார் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வருஷம் லயத்துக்குக் கரண்ட் வந்தது. பின்னாலேயே, குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய பெற்றீசியாவின் மகள் டெல்சியோடு ஒரு டிவியும் வந்தது. வெள்ளிக்கிழமை பொழுதுபட அதில் 'தூரவெளிக் காவல்' போடுகிறார்கள் என்று டெல்சி கண்டுபிடித்துச் சொல்ல, லயமே அந்த ஒற்றை அறைக் காம்பிராவில் கூடிவிட்டது. உபதேசியாருக்கு முன்வரிசையில் உட்காரக் கதிரை.

"இப்ப கப்பல் விழும் பாருங்க" என்றார். விழுந்தது. "இப்ப குப்பியைக் கழட்டிக் குடுப்பா" என்றார். கொடுத்தாள். பெண்கள் முந்தானையோடு தயாரானார்கள். அந்த நேரம் பார்த்து, புத்தகத்தில் பெயருக்கும் இல்லாத ஒரு சமையற்காரன் பாறைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, மிரியத்தைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். அடுத்த காட்சியில் அவள் கட்டிலில் உட்கார்ந்து அவனையே திட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தனை தலையும் உபதேசியார் பக்கம் திரும்பியது. தொலைந்தோம், இனி எந்த முகத்தோடு வேதம் வாசிப்பது என்று நினைத்தார்.

பெற்றீசியா எழுந்து சிலுவை அடையாளம் போட்டாள். "பாத்தீங்களா? நம்ம வச்ச பூசை பலிச்சிருச்சு!"

கூட்டம் ஒரே குரலில் தோத்திரம் சொன்னது. சூசைரட்ணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. அத்தனை பேரிலும் அதை நம்ப முடியாமல் இருந்தவர் உபதேசியார் ஒருவர்தான்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரம் சுவாமி வந்தார். மிரியம் பிழைத்து வந்ததற்கு நன்றிப் பூசை என்று பெற்றீசியா கேட்டிருந்ததை உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"போன வருஷம் ஆத்தும பூசை வச்ச மிரியமெல்லோ அது?"

"அவங்கதாங்க சுவாமி. பொழச்சிட்டாங்க."

"என்ன உபதேசியார், பகிடி விடுறியளோ? செத்த ஆக்கள் எங்கையாவது எழும்பி வருவினமோ?"

சொல்லி முடித்த பிறகுதான் சுவாமிக்குத் தன் குரல் காதில் விழுந்தது. பக்கத்தில் உயிர்த்த ஆண்டவருக்காக ஏற்றிய பாஸ்கா மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. வாசலில் பெற்றீசியா தலையில் முக்காட்டோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவாமி தொண்டையைக் கனைத்தார். "சரி, சரி. பேரை வாசிக்கிறன்" என்றார்.

சூசைரட்ணம் பூசைக்கு மணியடிக்கப் போனார்.