நெற்றிக்காசு

அப்பாவின் நெற்றியில் ஒற்றை ரூபாயை வைக்க மாமா குனிந்தார். அம்மா தன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாங்ணா. அதெல்லாம் எம்பையன் தை மாசமே வெச்சுப்போட்டான்.”

கூடம் நிறைய ஆட்கள். சண்முகப்பிரியாவுக்கு மானம் போனது. தம்பி கிருபாசங்கர் பீளமேட்டு ஐ.டி. வேலையை உதறிவிட்டு எடுத்த படத்தில் அப்பாதான் பிணம். ஆள் கிடைக்கவில்லை என்று இதே கூடத்தில் படுக்கவைத்து, நாடிக்கட்டுக் கட்டி, காசும் ஒட்டினான். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு இது அடுக்குமா என்று அம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே படுத்தார். ஐந்தே மாதம், மாரடைப்பு.

படத்தைப் பார்த்தது மொத்தம் பதினோரு பேர். அதில் வரும் பையனுக்குச் சாமி, சொந்தம், நாளை என்று எதிலுமே பிடிப்பில்லை. அப்பன் செத்த அன்று புரோட்டா தின்றுவிட்டு வந்து, பிணத்தின் பக்கத்தில் செல்போனுக்குச் சார்ஜ் போடுகிறான். நடித்தவனும் கிருபாதான். இன்று காலையிலிருந்தும் அவன் ஒரு சொட்டு அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அம்மாவுக்கோ அழுகையைவிடக் கோபம்தான் முன்னால் நின்றது. அப்பாவுக்கென்று அழ நான் ஒருத்திதானா என்றிருந்தது பிரியாவுக்கு.

“கொள்ளிச்சட்டிய பங்காளி ஊட்டுப் பையன் எடுக்கட்டுங்ணா. இவன் தொடவே கூடாது.”

“பெத்த மகன் இருக்கறப்ப எப்படி அம்மணி?”

“அவன்கிட்டயே சொல்லிப்போட்டு வாரேன்.”

அம்மா விடுவிடுவென்று மாடியேறினாள். பிரியா பின்னாலேயே ஓடினாள்.

தண்ணீர்த்தொட்டி நிழலில் கிருபா லேப்டாப்பை மடியில் வைத்திருந்தான். திரையில் அப்பா படுத்திருந்தார். படத்தில் சேர்க்காமல் வெட்டி எறிந்த துண்டு அது.

“அப்பா, வயிறு ஏறுதுங்க. மூச்சு உடாதீங்க.” அது கிருபாவின் குரல்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். “எத்தன நேரந்தான் அடக்கறது கண்ணு?”

அத்தோடு முடிந்தது. கிருபா மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். யார் வந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரியாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“எந்திரி கண்ணு,” என்றாள் அம்மா. “போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக்க. சட்டி நீதான் எடுக்கோணும்.”

அவன் எழவில்லை. இன்னொரு முறை ஓடவிட்டான். கீழே மாமா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது முடியட்டும் என்று அம்மா காத்து நின்றாள்.