உப்புத்தாள் போட்ட துப்பாக்கி

மாமனாருடைய அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைப் புதிதாக்கித் தருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

அதுவரை அது இரும்பு பீரோவில் பழைய போர்வைக்குள் கிடந்தது. உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். குழல் நெடுகிலும் மரத்தின் ரேகை போலச் சுருள் சுருளாகப் பழுப்புக் கோடுகள்.

"ஏங்க, பார்க்க நல்லாத்தானே இருக்கு? எதுக்கு அழிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"துருவுக்கும் டிசைனுக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு?"

அவள் கீழே இறங்கிப் போனாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உப்புத்தாளால் தேய்த்தேன். கோடுகள் போனதும் கருப்புச் சாயம் ஏற்றினேன். மாமனார் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பத்தான் கடையிலேர்ந்து வாங்கின மாதிரி இருக்கு மாப்பிள்ளை. நம்ம வீட்டுல ஒருத்தன் இருக்கான், குழாய்க்கு ஒரு வாஷர் மாத்தத் தெரியாது."

"எனக்கு எதுக்குப்பா தெரியணும்? அதான் மாத்த ஆள் பிடிச்சுக் குடுத்துட்டீங்களே" என்று மச்சான் சிரித்தார். துப்பாக்கி சுடும் கிளப்பில் அவர் உறுப்பினர். "அடுத்த ஞாயிறு இதைச் சுட்டுப் பார்த்துடலாம். மாப்பிள்ளை, நீயும் வா."

சனிக்கிழமை மத்தியானம் எண்ணெய் வாங்கத் துப்பாக்கி ரிப்பேர் கடைக்குப் போனேன். போன இடத்தில் சும்மா இருக்க முடியாமல், தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களை போனில் காட்டினேன். ரிப்பேர்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் படத்தையே பார்த்தார்.

"இது டமாஸ்கஸ் பாரல் சார். இரும்பையும் எஃகையும் ஒண்ணா முறுக்கி, தண்டுல சுத்தி, காய்ச்சி அடிச்சு ஒட்டினது. அந்தக் காலத்துக் கருமருந்துக்குப் பண்ணினது. இப்ப விக்கிற தோட்டாவோட வேகத்தை இது தாங்கும்னு நம்பக் கூடாது. உள்ளுக்குள்ள எங்க துரு தின்னிருக்கோ? கிழிஞ்சா, கீழ தாங்குற கையிலதான் முதல்ல பாயும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் விஷயம் தெரிஞ்சவன் சுடாம சுவத்துல மாட்டுவான். அதை எவன் சார் தேய்ச்சான்?"

"யாரோ" என்றேன்.

மாமனார் வீட்டுக்குத் திரும்பியதும் சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடம், "எங்க மாப்பிள்ளை கைவேலை" என்று துப்பாக்கியைக் காட்டிக்கொண்டிருந்தார். வாய் வரை வந்தது உள்ளே போய்விட்டது. நாளைக்கு மழை வரலாம். கிளப்பில் யாராவது பார்த்துத் தடுத்துவிடுவார்கள். அப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு பொழுதை ஓட்டினேன்.

ஞாயிறு காலை வானம் பளிச்சென்று இருந்தது. வேடிக்கை பார்க்க மாமனாரும் என் மனைவியும்கூட கிளப்புக்கு வந்தார்கள். கிளப் மேற்பார்வையாளர் துப்பாக்கியை வாங்கிக் குழலை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"நல்லா பராமரிச்சிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவரை ஏமாற்றியது என் உப்புத்தாள். மச்சான் துப்பாக்கியை மடக்கி, கடையில் வாங்கிய புதுத் தோட்டாக்கள் இரண்டைப் போட்டு மூடினார். இடது கையால் குழலைத் தாங்கி, தோளுக்கு உயர்த்தினார்.

"மச்சான், சுடாதீங்க! சுடாதீங்க!"

என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. அவர் குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தினார். மேற்பார்வையாளர் ஓடி வந்து, துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை எடுத்தார். டமாஸ்கஸ் குழல், நான் அழித்த கோடுகள், ரிப்பேர்காரர் சொன்னது எல்லாவற்றையும் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"அடப்பாவி! சொத்துல பங்கு வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் என் தோளில் கை போட்டார்.

"தெரியாம செஞ்சதுதானே. நல்ல நேரத்துல சொன்னீங்க மாப்பிள்ளை. பெரிய மனசு வேணும் இதுக்கு."

அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டுதான் நின்றேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்போங்க தெரிஞ்சுது?"

இப்போதுதான் கடைக்காரர் போன் செய்தார் என்று சொன்னால் நம்புவார்கள். போன் கையில்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"நேத்து மத்தியானம்."

யாரும் திட்டவில்லை. மாமனார் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். மச்சான் தோட்டாக்களைப் பெட்டியில் போட்டார். ஒன்று கீழே விழுந்து என் செருப்பருகே உருண்டது. எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

காரில் பின்சீட்டில் என் மனைவி எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். துப்பாக்கிப் பையை எங்கள் இருவர் மடியிலும் குறுக்காகக் கிடத்தியிருந்தோம். பாதி வழியில், அவளுடைய அண்ணனுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கு இப்பதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.