பிரிச்சிடுங்க

நான் கான்கிரீட் மேஸ்திரி. என் வீட்டுக்காரர் சென்ட்ரிங்காரர். தளம் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து, அதன் கீழே முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. மேலே கான்கிரீட் கொட்டி, அது இறுகும்வரை காவல் காப்பது என் வேலை. முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்று சொல்வதும் நான்தான். இதில் எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. மனுஷன் சரியான அவசரக்குடுக்கை. ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்க மாட்டார்.

கோடை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "அடிக்கிற வெயிலுக்கு ரெண்டு நாள்ல கல்லாயிடும், எடுத்துட்டா அடுத்த வேலைக்குப் பலகை ஆச்சு" என்பார். கான்கிரீட் என்ன துணியா, கொடியில் போட்டுக் காயவைக்க? அது ஈரத்தில் இறுகுகிற பொருள். வெயில் அதன் தண்ணீரைக் குடித்துவிட்டால் மேலே வெளுத்து, உள்ளே பொடியாக நிற்கும். அதனால்தான் விடிவதற்குள் கொட்டி முடித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்திவைக்கிறேன். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த வீட்டுக்கு நாங்கள் முதலில் போனது பழுது பார்க்கத்தான். முன்னறைக் கூரையில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. தட்டி எடுத்து, துருவைத் தேய்த்து, புதிதாகப் பூசிக் கொடுத்தோம். வேலை பிடித்துப்போய், பின்பக்கம் ஓர் அறையும் கட்டித் தரச் சொன்னார் வீட்டின் மூத்தவர்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர், சின்னவர் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். பெரியவர் எண்ணி எண்ணிப் பேசுவார். சின்னவர் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். சின்னவருக்கு இரவு வேலை, பகலில்தான் தூக்கம். அவர் படுக்கிற மாடி அறைக்குத் தகரக் கூரை. அந்த வெயிலில் அதற்குள் படுப்பதும் அடுப்புக்குள் படுப்பதும் ஒன்றுதான்.

"இந்த ரூம அண்ணன் எனக்காகத்தான் கட்டுறாருக்கா. வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, ஆனா எனக்குத் தெரியாதா?" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். "முட்டெல்லாம் எடுத்த அன்னைக்கே மொத ஆளா பாயப் போட்டுப் படுத்துடுவேன். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நான் சொல்ற வரைக்கும் உள்ள கால வைக்காதீங்க தம்பி. அப்புறம் ஒரேயடியா தூங்க வேண்டியதுதான்" என்றேன். என் வாயைக் கழுவ வேண்டும்.

தளம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. போர்த்திய சாக்கு போதாமல், இன்னும் கொஞ்சம் வாங்கிவர அன்று காலையில் கிளம்பினேன். கிளம்பும்போது வீட்டுக்காரரிடம், "தண்ணிய மட்டும் பாத்துக்கங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வரும்போது உச்சி வெயில். வாசலில் ஒரு வண்டி நின்றது. வண்டி நிறைய முட்டுக் கம்புகளும் பலகைகளும். என் வீட்டுக்காரர் அவற்றைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். வாயில் பாட்டு வேறு.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வேறெங்கோ வேலை முடிந்த சாமான் என்றுதான் நினைத்தேன். பலகையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். என் தளத்தின் சிமெண்ட் பால் அதில் ஒட்டியிருந்தது.

"யோவ்! என்னய்யா இது?"

"பிரிச்சாச்சு" என்றார், பரிசு வாங்கிய பிள்ளைபோலப் பல்லைக் காட்டிக்கொண்டு.

சாக்குகளை அப்படியே போட்டுவிட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் ஓடினேன். தளம் நடுவில் தொப்பை போட்டிருந்தது. தொப்பையின் குறுக்கே, விரலை விடுகிற அளவுக்கு ஒரு விரிசல். மேலே நான் நிறுத்திவைத்த தண்ணீர் அதன் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, பாயை விரித்து, சின்னவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எவ்வளவோ விரிசல் பார்த்திருக்கிறேன். ஒன்றின் கீழும் ஓர் உயிர் படுத்திருந்ததில்லை. என் பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு முட்டுக் கம்பாவது கொண்டாய்யா, ஓடு!" என்று அவரைப் பிடித்துத் தள்ளினேன். ஓடினார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. வண்டிப் பக்கமிருந்து அவர் அழுகிற சத்தம் கேட்டது.

"தம்பி! எந்திரிங்க! வெளிய வாங்க!"

அவர் புரண்டு படுத்தார். "அஞ்சே நிமிஷம்க்கா."

என் கூச்சலைக் கேட்டுப் பெரியவர் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். தளத்தைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராக உள்ளே பாய்ந்துவிட்டார். சட்டையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், கைக்கு அகப்படவில்லை. தம்பியின் இரண்டு காலையும் பற்றி, மூட்டையை இழுப்பதுபோலத் தரையோடு தரையாக இழுத்தார். மேலிருந்து பொடி கொட்டியது. இரண்டு பேரும் வாசலைத் தாண்டி மணல் குவியலில் வந்து விழுந்தார்கள்.

தொம்மென்று ஒரே சத்தம். நிலம் என் உள்ளங்காலை உதைத்தது. புழுதி அடங்கியபோது தளத்தின் நடுப்பாகம் இல்லை. கம்பியும் கல்லுமாகக் கிடந்தது. வெள்ளைத் தண்ணீர் எங்கள் கால்வரை ஓடி வந்தது. பாயின் ஒரு நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

சின்னவர் முதுகெல்லாம் சிராய்த்து ரத்தம் கசிய, அந்தப் பாய் நுனியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் ஒரு கம்போடு வந்து நின்ற வீட்டுக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"யாரைக் கேட்டுய்யா பிரிச்ச? பாவி, யாரு சொன்னா?"

"பெரியவருதான்" என்றார். "காலைல இங்க வந்து நின்னு, என் மூஞ்சியப் பாத்து, 'இன்னைக்கே பிரிச்சிடுங்க, இனிமேலும் முட்டுக் கொடுத்துக்கிட்டிருக்க என்னால முடியாது'ன்னாரு. வீட்டுக்குச் சொந்தக்காரரே சொல்றாரேன்னு பிரிச்சேன்."

பெரியவரைப் பார்த்தேன். சின்னவரும் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அண்ணே, முட்டு எடுத்த அன்னைக்கு நான் அங்க படுப்பேன்னு உங்ககிட்டதானே சொன்னேன்?"

"ஐயய்யோ!" பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் இவர்கிட்ட பேசவே இல்லடா! காதுல போன் மாட்டியிருந்தேன். வக்கீல்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். அந்தப் பிரிக்கிறது இல்லடா இது!"

சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"வக்கீல்கிட்ட எதைப் பிரிக்கச் சொன்னீங்க?"

பெரியவர் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"கேக்குறேன்லண்ணே."

"வீட்ட" என்றார் பெரியவர். தலை நிமிரவில்லை. "முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் உனக்கு. இந்த ரூமக்கூட உனக்காகத்தான் கட்டினேன். நடுவுல ஒரு சுவர வச்சுட்டா, நாளைக்குச் சண்ட சச்சரவு இல்லாம…"

"நமக்குள்ள எப்பண்ணே சண்ட வந்துச்சு?"

சின்னவர் விடுவதாக இல்லை.

"அப்ப, முட்டுக் கொடுத்துக் கொடுத்து முடியலன்னது… என்னையவாண்ணே?"

வெளியே இழுத்துப் போட்டபோது அந்த மனுஷன் அழவில்லை. முதுகில் ரத்தம் கசிந்தபோதும் அழவில்லை. இப்போது உதடு துடித்தது. அண்ணன் அவர் தோளைத் தொடப் போனார். அவர் நகர்ந்து உட்கார்ந்தார். நானும் என் வீட்டுக்காரரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம்.

"என்னையக் கொல்லத்தான் சொன்னீங்களோன்னு ஒரு நிமிஷம் பதறிட்டேன்" என்றார் சின்னவர். "இதுக்கு அதுவே தேவலண்ணே."