லிஃப்டில் செத்துப்போன பேச்சியம்மாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேச்சியம்மாள் செத்துப்போனார். விளக்கு வைப்பதற்குள் ஐந்தாம் மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதற்கும் சற்று நேரத்தில், செத்தவரே ஊதாப்பூ போட்ட கஃப்தான் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைபேசியும் கையுமாக வந்து லோஷினி வீட்டுக் கதவைத் தட்டினார்.

செத்தது படக்கதையில்தான். ஆனால் மலேசியாவில், பாசிர் கூடாங்கின் அந்த பிளாட்டில் அதையெல்லாம் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

லோஷினி ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். மற்ற நேரமெல்லாம் டேப்லெட்டும் பேனாவும்தான். கல்யாணம் எப்போது என்று கேட்டால், ‘இந்த அத்தியாயம் முடியட்டும்’ என்பாள். ‘ஐந்தாம் மாடி’ என்று அவள் இணையத்தில் வரைகிற தொடர் வெள்ளிக்கிழமைதோறும் வரும். அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. யாரோ காயப்போட்ட துணி பறக்கும். யார் வீட்டுக் கருவாட்டு வாசனை யார் வீட்டுக்குள் போனது என்று ஒரு வாரம் சண்டை ஓடும். பராமரிப்புக் கட்டண நோட்டீசைத் தவிர வேறெதையும் படித்திராத அந்த மாடிக்காரர்கள் அதை ஒரு வரி விடாமல் படித்தார்கள். கலை ஆர்வம் என்று யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். இந்த வாரம் நாம் வந்திருக்கிறோமா என்று பார்ப்பதற்குத்தான்.

பேச்சியம்மாள் வாராவாரம் வந்தார். கதையில் பெயர் பவளம். மற்றபடி அதே கஃப்தான், அதே விளக்குமாறு, லிஃப்ட் வாசலில் அதே நிற்பு. கூட்டுவதற்காகத்தான் அங்கே நிற்கிறார் என்று நம்புகிறவர்கள் அந்த மாடியில் ஒருவரும் இல்லை.

லோஷினிக்குப் பள்ளி நாளிலிருந்தே ஜப்பானிய மங்கா என்றால் உயிர். மலாயில் மொழிபெயர்த்து வருபவற்றைப் பசியாறும் காசை மிச்சம் பிடித்து வாங்கியவள். அதிலும் ஒரு வகை இருக்கிறது. முதல் சில புத்தகங்கள் வரைக்கும் சோறு, பள்ளிக்கூடம், மழை, தூக்கம் என்றே போகும். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பினால் வானம் கிழிந்து பிசாசு இறங்கும், நேற்றுவரை சோறு தின்றவள் வாளெடுப்பாள். அப்படி ஒன்று வரையத்தான் அவள் ‘ஐந்தாம் மாடி’யையே தொடங்கினாள். முதல் அத்தியாயத்திலிருந்து லிஃப்ட் கண்ணாடிக்குள் முகமில்லாத ஓர் உருவம் நின்றுகொண்டே இருந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லாரும் தங்களையே தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை அது வெளியே வந்தது. வாசலில் நின்ற பவளத்தின் உயிரைக் குடித்தது. அடுத்த பக்கத்திலேயே, இதுவரை வாயே திறக்காத பக்கத்து வீட்டுப் பெண் பவளத்தின் விளக்குமாற்றை எடுக்க, அது தீப்பிடித்து எரிந்தது. அதற்கப்புறம் சண்டைதான்.

“ஏண்டி லோஷி, நான் உனக்கு என்னடி கொறை வச்சேன்? தீவாளிக்கு முறுக்கு குடுத்தேனா இல்லியா? என்னக் கொண்டுபோயி லிஃப்டுல சாவடிச்சிருக்கியே!” என்றார் பேச்சியம்மாள்.

“அது நீங்க இல்ல ஆண்ட்டி. பவளம்.”

“பவளமாம்! இந்த பிளாட்ல ஊதாப்பூ கஃப்தான் வேற எவ போடுறா? உங்கம்மாவா போடுறா?”

லோஷினியின் அம்மா மலர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “அக்கா, ஒக்காருங்க, பிரஷர் ஏறிடப்போவுது. லோஷி, அதெல்லாம் கனவுன்னு அடுத்த வாரம் போட்டுரும்மா. பவளம் முழிச்சிக்கிறா, முடிஞ்சிச்சி.”

“கனவுன்னு போட்டா கதையே செத்துரும்மா.”

“அப்ப நான் செத்தா பரவால்லியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேச்சியம்மாள் போய்விட்டார்.

மறுநாள் கோயிலில் தலையைச் சுற்றி எலுமிச்சை வெட்டினார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகன் ஹேமநாதன், எல்லைப் பாலத்து நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுதபடியே போனில் கூப்பிட்டானாம். “தீவாளிக்கப்புறம் இப்பதான் கூப்புடுறான்” என்று கோபத்தின் நடுவே பெருமையையும் மாடி முழுக்க விநியோகித்தார்.

லோஷினிக்கு அது மட்டும் தலைவலி இல்லை. இணையத்தில் வாசகர்கள் கழன்றுகொண்டிருந்தார்கள். ‘அலமாக், என்னங்க இது, சண்டையெல்லாம் வேற எடத்துல பாத்துக்கறோம், கருவாட்டுச் சண்டையப் போடுங்க’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மா சோறு போடும்போதெல்லாம் ‘கனவு’ என்று முணுமுணுத்தாள். லோஷினி அசையவில்லை. இந்தத் திருப்பத்துக்காகத்தானே இத்தனை நாள் துணி காயப்போட்டாள்? இதை விட்டுக்கொடுத்தால் அப்புறம் பேனாவைத் தொடுவதில் அர்த்தமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் மறுபடி வந்தார். இம்முறை கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கடைசியா கேக்குறேன். என்ன உசுரோட கொண்டு வருவியா, மாட்டியா?”

“மாட்டேன் ஆண்ட்டி. செத்தவங்க திரும்பி வந்துட்டா அந்தப் பிசாசப் பாத்து எவன் பயப்படுவான்?”

“அடி கல்நெஞ்சுக்காரி.” முந்தானை இல்லாத குறைக்குக் கஃப்தான் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சரி, செத்தேன். போவட்டும். அடுத்த பக்கத்துலேயே எல்லாரும் சண்டைக்குக் கெளம்பிட்டீங்களேடி! ஒருத்தி அழுவுல. ஒரு எட்டு படைக்கல. அனாதப் பொணமாட்டம் லிஃப்டுலயே போட்டுட்டுப் போயிட்டீங்க.”

லோஷினி டேப்லெட்டை இழுத்துக்கொண்டாள்.

எட்டு. செத்த எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். ஆத்மா வந்து சாப்பிட்டுப் போகும். அந்தக் கதவில் காதை வைத்து அடி வாங்காத பிள்ளை அந்த மாடியில் கிடையாது. லோஷினியும் வாங்கியிருக்கிறாள். பிசாசை எங்கெங்கோ தேடியவளுக்கு இது தோன்றவே இல்லை. பிசாசு வந்ததும் மாடிக்காரர்களின் அன்றாடத்தைக் கதையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தப்பு அங்கேதான்.

“ஆண்ட்டி, உங்களுக்கு எட்டு படைச்சா என்னென்ன வைக்கணும்?”

“அடிப்பாவி! உசுரோட இருக்கிற மனுசிகிட்ட கேக்குற கேள்வியாடி இது?” என்று மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் கையமர்த்தினார். “நீ சும்மா இரு மலரு. செத்தது நானு.” கொஞ்சம் யோசித்தார். “நாட்டுக்கோழி பெரட்டல். ஆட்டு ஈரல், மொளகு தூக்கலா. நாசி லெமாக், சம்பல தனியா வையி. ஒரு கறுப்பு பீரு.” குரலைத் தாழ்த்தினார். “சின்ன டின்னுதான்.”

“பெருசாவே வைக்கிறேன்.”

“அப்ப உசுரோட வரமாட்டேன்?”

“மாட்டீங்க.”

“பேயாவாச்சும்?”

“இல்ல ஆண்ட்டி.”

“புடிவாதம் புடிச்ச கழுத” என்று எழுந்தவர் வாசலில் திரும்பினார். “இலைய ஒழுங்கா போடு. நுனி எடது பக்கம்.”

அந்த வாரம் முழுக்க ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு லோஷினி வரைந்தாள். பவளத்தின் சாவில் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. ஆனால் சண்டையை நிறுத்திவைத்து மாடி முழுவதையும் அடுப்படிக்கு வரவழைத்தாள். வெங்காயம் பொடிசா பெரிசா என்று ஒரு பக்கம் முழுக்கத் தகராறு. மூலையில் உட்கார்ந்து அழுகிற பெண்ணைப் பார்த்துவிட்டு மலர், “நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?” என்று மட்டும் கேட்டாள். ‘கனவு’ என்ற பேச்சே எழவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தியாயம் வந்தபோது பேச்சியம்மாள் லிஃப்ட் வாசலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி வாசித்தார். லோஷினி தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“படையல் வச்சாச்சி... ஈரல் நல்லா வந்துருக்கு. பீரு பெருசுதான். வெளக்க அணைச்சிட்டாளுங்க. கதவ சாத்திட்டாளுங்க.” விரலால் தள்ளினார். “உள்ள சத்தம் கேக்குது. ‘பவளம் அக்கா வந்துட்டாங்க’ன்னு எல்லாரும் கும்புடுறாளுங்க. பாத்தியா, எவ்ளோ மரியாத.”

மறுபடி தள்ளினார். குரல் நின்றது.

“என்னாச்சி?” என்றார் ஒருவர்.

“கோழி எலும்பெல்லாம் நறுக்கு நறுக்குன்னு நொறுங்குதே.” பேச்சியம்மாள் நாக்கால் தன் பல்வரிசையைத் தடவிக்கொண்டார். “எனக்குக் கட்டுன பல்லுடி. நான் எப்படி எலும்பக் கடிப்பேன்?”

கைபேசியில், கதைக்குள் இருந்த மலர் சிரித்த முகமாய்த் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள்.

“தொறக்காதீங்கடி!” என்று பேச்சியம்மாள் திரையைப் பார்த்து அலறினார். “உள்ள இருக்கிறது நான் இல்ல!”