எறவாணத்து டம்ளர்

"எறவாணத்துல சொருகியிருந்த டின்னு எங்க?"

உபதேசியார் மாசிலாமணி அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் குரல் உயர்வதெல்லாம் கோயிலில் பிரசங்கம் செய்யும்போதுதான். வீட்டில் அது தாழத் தாழத்தான் அவர் மனைவி ஞானப்பூ பயப்படுவாள்.

துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, சாக்கடைக் கானில் எறிந்துவிட்டேன் என்றாள் அவள், ஊதாங்குழலைக் கீழே வைக்காமலே. அது உண்மைதான்.

"அப்ப வியாழக்கெழம மூக்கன் வந்தானே, எதுல குடிச்சான்?"

"அவன் குடிக்கலீங்க. கேக்கவே இல்ல."

இது பொய். உபதேசியார் இன்னொரு டின்பால் டின் தேடி வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். போகிற போக்கில் அலமாரியில் இருந்த விளிம்பு நெளிந்த பித்தளை டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு மடமடவென்று குடித்தார். ஞானப்பூவின் கையிலிருந்து ஊதாங்குழல் நழுவியது.

இலங்கை மலையகத்தில், றொசல்லைக்கு மேலே மலை உச்சியில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலெல்லாம் பிரஜாவுரிமைக்கு மனுப் போடுவதே பேச்சாக இருந்த காலம். மூக்கன் அங்கே வாசக்கூட்டி. தோட்டத்துக் கக்கூசுகளையும் கான்களையும் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பவன். அவன் வந்து போகாவிட்டால் தோட்டமே மூக்கைப் பொத்திக்கொள்ளும். வந்தால் அவனைக் கண்டு பொத்திக்கொள்ளும். உபதேசியார் வீட்டுப் பின்கானைக் கழுவ வரும்போது அவனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கிடைக்கும். அதற்கென்று ஒரு டின், சமையல் குடிசையின் மானாப்புல் கூரை தாழ்ந்து இறங்கும் எறவாணத்தில் சொருகியிருக்கும். அவனே எடுப்பான், நீட்டுவான், இவள் மேலேயிருந்து ஊற்றுவாள், குடித்துவிட்டு அவனே கழுவிச் சொருகிவிட்டுப் போவான். கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஞானப்பூ இதைச் செய்துகொண்டிருந்தாள், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவது மாதிரி, யோசிக்காமல்.

வியாழக்கிழமைதான் யோசிக்கும்படி ஆகிவிட்டது. விடியலிலிருந்து விடாத மழை. மூக்கன் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க வந்து நின்றான். அவன் நீட்டிய டின்னில் ஊற்றிய தேத்தண்ணி அப்படியே அடியால் ஒழுகி அவன் காலில் விழுந்தது. அவன் சிரித்தான். கையில ஊத்துங்கம்மா என்று இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடித்தான். கொதிக்கிற தேத்தண்ணியை ஒரு மனிதன் கையில் ஊற்றச் சொல்கிறான். அவளுக்கு என்னவோ செய்தது. கைக்கு அகப்பட்ட டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அது உபதேசியாரின் நெளிந்த டம்ளர் என்பதை இரண்டு பேருமே ஒரே நேரத்தில் பார்த்தார்கள். வேண்டாங்கம்மா, வேண்டாங்கம்மா என்று அவன் பின்னால் நகர்ந்தான். புடி என்று அதட்டினாள். அவன் அண்ணாந்து குடிக்கத்தான் பார்த்தான். தண்ணீர் என்றால் குடித்திருக்கலாம். சுடுகிற தேத்தண்ணியை யாரால் அண்ணாந்து குடிக்க முடியும்? விளிம்பில் வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினான்.

அவன் போனபிறகு டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலமே உபதேசியார் அதில் குடித்தார். அவருக்குத் தொண்டையும் கட்டவில்லை, பிரசங்கமும் குறையவில்லை. ஆனால் ஞானப்பூவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோயிற்று.

உபதேசியார் கெட்ட மனிதர் இல்லை. சாராயத்தில் கிடந்த எத்தனையோ குடும்பங்களைக் கைதூக்கிவிட்டவர். டின் விஷயத்தில் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. மேல் லயத்துச் சாதிக்காரர்கள் நம் வீட்டில் கை நனைத்தால்தான் நம் கோயிலில் கால் வைப்பார்கள், ஆத்துமாக்களை ஆதாயப்படுத்த இந்தச் சின்ன விஷயத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பார். பொறுத்துக்கொண்டது என்னவோ மூக்கன்தான், அவரில்லை. மூக்கனும் அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் எடுக்க இருந்தான். அதனால் அவனுடைய ஆத்துமா ஆதாயக் கணக்கில் ஏற்கெனவே வந்தாகிவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மனந்திரும்புதல் ஆராதனை. ஞானஸ்நானம் எடுக்கப்போகிறவர்கள் சபைக்கு முன்னால் பாவ அறிக்கை செய்யவேண்டும். தகரக் கோயில் நிறைந்துவிட்டது. மேல் லயத்துக்காரர்கள் வாங்குப் பலகைகளில், கீழ் லயத்துக்காரர்கள் வாசலோரம் சாக்கில். முன் வாங்கில் கணக்கப்பிள்ளை செல்லசாமி, சபையின் மூப்பர், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு மாசிலாமணி பேசிய பேச்சு, சும்மா சொல்லக்கூடாது, கல்லும் கரைந்திருக்கும். "இங்க நமக்குப் பிரஜாவுரிமை உண்டா இல்லையான்னு கொழும்புல தீர்மானிக்கிறாங்க. பரலோகத்துக்கு மனுப் போடவேண்டியதில்ல. அது கிருபை. கேட்டாக் கெடைக்கும். அங்க மேல் லயம் கீழ் லயம் கெடையாது. எல்லாருக்கும் ஒரே பீலி, ஒரே தண்ணி. ஆனா அடிமனசுல ஒரே ஒரு பாவத்த மறைச்சு வச்சிருந்தாலும் அந்த வாசல் தொறக்காது" என்று முழங்கினார். தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலி இரண்டு இருந்தது. மேல் பீலியில் கீழ் லயத்துக் குடம் பட்டால் என்ன நடக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எல்லோரும் கண்ணீர்விட்டார்கள். பரலோகத்துப் பீலிதானே, அழுவதற்குத் தடை என்ன.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவன் பெண்டாட்டியை அடித்ததைச் சொன்னான். ராசம்மா பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியை மண் வாரித் தூற்றியதைச் சொல்லி விம்மினாள். கடைசியாக மூக்கன் எழுந்து, முன்னால் வந்து, முழங்காலில் நின்றான்.

"ஐயா, நான் எம் மனசக் கெளறிக் கெளறிப் பாத்தேங்க. சாராயம் குடிச்சேன், விட்டுட்டேன். அடியில ஒண்ணே ஒண்ணுதான் கெடக்குது. வியாழக்கெழம அம்மா வூட்டுல இல்லாத நேரம் பாத்து, ஐயா குடிக்கிற நெளிஞ்ச டம்ளர எடுத்து, அதுல வாய வச்சுத் தேத்தண்ணி குடிச்சிட்டேங்க. தெரிஞ்சேதான் குடிச்சேன். கர்த்தர் என்னைய மன்னிக்கணும்."

மாசிலாமணியின் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. செல்லசாமி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரும் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்.

இப்போது சொல்லிவிடுவார், இது பாவமே இல்லையப்பா என்று சொல்லிவிடுவார் என்று ஞானப்பூ காத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் உடம்பெல்லாம் காதாக இருந்தது. உபதேசியார் செல்லசாமியைப் பார்த்தார், மூக்கனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"மூக்கன் மறைக்கல. வெளிச்சத்துக்குக் கொண்டாந்துட்டான்" என்றார். "கர்த்தர் ஒன் பாவத்த மன்னிச்சாரு. இனிமே செய்யாத."

ஸ்தோத்திரம் என்றது சபை. மூக்கன் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டான்.

ஞானப்பூ எழுந்தாள். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லத்தான் எழுந்தாள். வாங்குகளில் இருந்த பெண்கள் திரும்பினார்கள். உபதேசியாரின் கண் அவள்மேல் ஒருதரம் விழுந்தது. உடனே அவர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்ய எழுந்தவள் போல அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கோழைத்தனம்தான், வேறென்ன. அவள் செய்ததை ஒருவன் தன் தலையில் சுமந்துகொண்டு மண்டியிட்டுக் கிடந்தான். அவள் கைதட்டிப் பாடினாள்.

வீட்டுக்கு வந்ததும் உபதேசியார் முதல் வேலையாக அந்த டம்ளரைக் கரித்துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு பின்னால் போனார். டின் இருந்த இடத்தில் சொருகினார்.

"சரி, அவனுக்கும் ஒரு டம்ளர் ஆச்சு" என்றார், ஒரு சிக்கல் தீர்ந்த நிம்மதியில்.

"ஏங்க, அவன் செஞ்சது பாவமாங்க?"

"அதெப்படிப் பாவமாகும்? எனக்குத் தெரியாதா?"

"பாவமில்லாதத எப்படிங்க மன்னிச்சீங்க?"

செல்லசாமி எழுந்து போயிருந்தால் மேல் லயமே எழுந்து போயிருக்கும், ஒனக்கு இதெல்லாம் வெளங்காது என்றார். நாளைக்குச் சாயங்காலம் செல்லசாமி வருகிறார், பாத்திரம் பண்டமெல்லாம் புளி போட்டு விளக்கி வை, அவர் நம் வீட்டில் ஒரு வாய் குடித்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று சொல்லிவிட்டு வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மூக்கன் கானைக் கழுவ வந்தபோது அவள் நேராகப் போய்க் கேட்டாள். ஏன் பொய் சொன்னாய் என்றாள்.

மூக்கன் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினான். "நீங்க குடுத்தீங்கன்னு சொன்னா ஒங்களையும்ல முட்டி போடச் சொல்லுவாங்க. எனக்குன்னா முட்டி போட்டுப் பழக்கம்மா." பிறகு தயங்கித் தயங்கி, ராத்திரியெல்லாம் அரித்ததைக் கேட்டான். "பாவத்தச் சொல்ற எடத்துலயே ஒரு பொய்யச் சொல்லிப்புட்டேன். அதோட ஆத்துல முழுகுனா ஞானஸ்நானம் புடிக்குமாங்கம்மா?"

தேயிலைக் கன்று பிடிக்குமா என்று கேட்கிற மாதிரி கேட்டான். இதிலெல்லாம் அவன் செய்த ஒரே தப்பு அந்தப் பொய்தான், அதுவும் அவளுக்காக. ஞானப்பூவால் அங்கே நிற்க முடியவில்லை. விறகு பிளக்க வேண்டியிருக்கிறது, சாயங்காலம் வரை இரு என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் அடுப்பங்கரையிலிருந்து டங்கு டங்கென்று சத்தம் வந்தது. அம்மிக்குழவியால் எதையோ தட்டுகிற சத்தம். மிளகாய் அரைக்கிற சத்தமாக இல்லை. உபதேசியார் லயத்துக்குப் போயிருந்தார். மூக்கன் மட்டும் கோடாலியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான்.

செல்லசாமி சொன்னபடி வந்தார். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலி போட்டிருந்தது. அங்கே உட்கார்ந்தால் பக்கத்துச் சமையல் குடிசை முழுதாகத் தெரியும். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியும் பேசிவிட்டு, அந்த டம்ளர் விஷயம் என்னாச்சு என்று கேட்டார். அதை வீட்டுக்கு வெளியே வைத்தாகிவிட்டது என்றார் உபதேசியார். செல்லசாமி தலையை ஆட்டினார்.

"ஞானப்பூ, தேத்தண்ணி கொண்டா."

ஞானப்பூ கேத்தலும் கையுமாகக் குடிசைக்கு வெளியே வந்தாள். எறவாணத்தில் கைவிட்டு ஒரு டம்ளரை உருவினாள், ஊற்றினாள், விறகுக்கட்டைமேல் உட்கார்ந்திருந்த மூக்கனிடம் கொடுத்தாள். மறுபடி எறவாணத்தில் கைவிட்டு இரண்டை உருவினாள், ஊற்றினாள், தட்டில் வைத்து இஸ்தோப்புக்குக் கொண்டுவந்தாள். உபதேசியார் எறவாணத்தைப் பார்த்தார். வீட்டிலிருந்த டம்ளர் அத்தனையும் அங்கே வரிசையாகச் சொருகிக் கிடந்தது.

"எல்லாத்தையும் எதுக்கு அங்க வச்ச?" அவர் குரல் அடியோடு தாழ்ந்துபோயிருந்தது. "இதுல நெளிஞ்சது எது?"

"எல்லாமே நெளிஞ்சதுதாங்க" என்றாள் ஞானப்பூ. "எது யாரோடதுன்னு எனக்கே தெரியல."

செல்லசாமி தட்டைப் பார்த்தார். இரண்டு டம்ளரின் விளிம்பும் ஒரே மாதிரி உள்வாங்கியிருந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மாசிலாமணி பெண்டாட்டியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆரம்பித்த அதே பார்வை. ஆனால் இது கோயில் இல்லை, பாட்டும் வாய்க்கு வரவில்லை.

"குடிங்க" என்றாள் அவள். "பாவமா இருந்தா மன்னிச்சுக்கலாம்."

பிறகு அவள் குடிசைப் பக்கம் திரும்பிப் போனாள். தனக்கும் ஒன்றை உருவி ஊற்றிக்கொண்டு, மூக்கன் நகர்ந்து இடம் விட்ட கட்டையில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை நானே கையில் கொடுத்தேன் என்று அடுத்த ஞாயிறு சபை முன்னால் சொல்லுகிறேன், ஆத்தில் முழுகுவதற்கு முன்னால் உன் பொய் போய்விடும் என்றாள் அவனிடம். இஸ்தோப்புக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். தேத்தண்ணி நல்ல சூடாக இருந்தது. அண்ணாந்து குடிக்க முடியாத சூடு. நெளிந்த விளிம்பில் வாயை வைத்து உறிஞ்சினாள்.